தனிமைக் குழு

செப்டம்பர் 4

செண்பகவல்லி சாத்தூருக்கு, அவள் அம்மா வீட்டுக்குப் போய் ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. மலைக்குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. ஆறாவது மாதம் தொடங்கப்போகிற நேரத்தில் குளிர் ஆகாது என்று எல்லோரும் சொல்கிறார்கள். எல்லோரும் என்றால், நான் சொல்கிறேன், கேட்பவர்கள் தலையாட்டுகிறார்கள்.

இன்று சாம்பார் மிஞ்சிவிட்டது.

செப்டம்பர் 7

புதிய நாட்குறிப்பு என்பதால் நான் யார் என்று ஒரு முறையாவது எழுதிவைக்க வேண்டும். பெயர் குமரகுரு. வயது முப்பத்திரண்டு. செண்பகவல்லியின் கணவன். கால்நடை மருத்துவம் படித்தவன். மலைமேல் இருக்கும் ஓர் ஆட்டுப் பண்ணையில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். ஆய்வின் தலைப்பு நீளமானது. பாதி வழியில் மூச்சு வாங்கும். சுருக்கமாகச் சொன்னால், சினை ஆட்டைத் தனிமையில் வைத்தால் அதன் வயிற்றில் இருக்கும் குட்டிக்கு என்ன ஆகும் என்பது.

வெளிநாடுகளில் செய்து பார்த்திருக்கிறார்கள். அந்தக் குட்டி எதைக் கண்டாலும் மிரளும், எளிதில் நோயில் விழும், தடுப்பூசி போட்டால் அதன் உடம்பு அரைமனதாகத்தான் பதில் சொல்லும் என்று பல கட்டுரைகள் சொல்கின்றன. அப்படி ஒன்றும் இல்லை என்று வேறு சில சொல்கின்றன. அறிவியலின் அழகு இதுதான். பயப்பட விரும்புகிறவனுக்கும் ஆதாரம் கிடைக்கும், விரும்பாதவனுக்கும் கிடைக்கும்.

எட்டு சினை ஆடுகள் மந்தையோடு இருக்கும். இன்னொரு எட்டு, தினமும் ஒவ்வொன்றாகப் பழைய கம்பளிக் கிடங்குக்குப் போகும். வேறு ஆடு கண்ணில் படாமல், குரல் காதில் விழாமல் ஒரு மணி நேரம் நிற்கும். இந்த எட்டுக்கும் தனிமைக் குழு என்று பெயர். தனியாக இருப்பவர்கள் எப்படிக் குழுவாக இருக்க முடியும் என்று என் நெறியாளர் எட்வின் சாரிடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

“குமரகுரு, உங்க வேலை கதவைச் சாத்திட்டு வெளிய வர்றது. அவ்வளவுதான்.”

வீட்டில் ஆள் இல்லாதவன் என்பதால் ஞாயிற்றுக்கிழமைகளும் எனக்கே ஒதுக்கப்பட்டன. தகுதி அடிப்படையில் எனக்குக் கிடைத்த முதல் பொறுப்பு.

செப்டம்பர் 9

முதல் நாள். காதில் 47 என்ற எண் மாட்டிய ஆடு உள்ளே போனதும் கத்திய கத்தலில் கூரைத் தகரம் அதிர்ந்தது. கதவை முட்டியது. கால் நடுங்கியது. நல்ல தொடக்கம் என்று குறித்துக்கொண்டேன். கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தால் மழை. கிடங்குக்கு வெளியே ஒதுங்க இடம் இல்லை. உள்ளேயே நின்றேன். இது ஆய்வைப் பாதிக்காது. நான் ஆடு இல்லை.

செப்டம்பர் 10

மழை. உள்ளேயே நின்றேன்.

செப்டம்பர் 12

மழை இல்லை. பனிமூட்டம். உள்ளேயே நின்றேன்.

செப்டம்பர் 15

நல்ல வெயில். மலை வெயில் தோலுக்கு ஆகாது.

செப்டம்பர் 16

செண்பாவுக்குப் போன் செய்தேன். சாப்பிட்டீர்களா என்றாள். சாப்பிட்டேன் என்றேன். நீ சாப்பிட்டாயா என்றேன். சாப்பிட்டேன் என்றாள். பின்னால் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. மாத்திரை, டாக்டர், எடை எல்லாம் சரியாக இருக்கிறது. வேறென்ன என்றாள். ஒன்றும் இல்லை என்றேன். வைத்துவிட்டாள்.

இருவரும் நன்றாகச் சாப்பிடுகிறோம் என்பது உறுதியாகிவிட்டது.

செப்டம்பர் 20

கிடங்கில் உட்கார ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டிருக்கிறேன். நாளிதழ் படித்தேன். வெளிச்சம் குறைந்த இடத்தில் வாய்விட்டுப் படித்தால் கண்ணுக்குச் சிரமம் குறையும் என்று நினைக்கிறேன். தக்காளி விலை, ஒரு கவுன்சிலரின் கட்சி மாற்றம், ராசிபலன். 47 படுத்து அசைபோட்டது. தனியாக இருக்கும் ஆடு அசைபோடாது என்பது கட்டுரைகளின் கருத்து. கட்டுரைகள் எழுதப்பட்ட நாட்டில் ராசிபலன் கிடையாது.

எட்டு ஆடுகளும் இப்போது கத்துவதில்லை. “பழகிவிட்டன” என்று ஆய்வுப் பதிவேட்டில் எழுதினேன்.

செப்டம்பர் 29

இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. தனிமைக் குழுவின் இரத்தத்தில் மன அழுத்தச் சுரப்பு எகிறியிருக்க வேண்டும். எகிறவில்லை. மந்தையோடு இருப்பவை அளவுக்கே இருக்கிறது. சோதனை மருந்து காலாவதியாகியிருக்கும் என்றார் எட்வின் சார். புதிதாக வரவழைத்து மறுபடி பார்க்கச் சொன்னார். அப்படியே ஆகட்டும் சார் என்றேன்.

அக்டோபர் 5

மறுபரிசோதனையிலும் அதே முடிவு. சார் இப்போது ஆய்வகத்தின் குளிர்சாதனப் பெட்டியைச் சந்தேகிக்கிறார்.

அக்டோபர் 8

அத்தை போன் செய்தார். மாப்பிள்ளையிடம் நேராகப் பேசுவது அவருக்குப் பழக்கமில்லை. அதனால் விஷயம் பெரியது என்று புரிந்தது. ஏழாவது மாதம் வளைகாப்பு நடத்த வேண்டும். மாப்பிள்ளை வீட்டில் வளையல் அடுக்கி, அங்கிருந்து அம்மா வீட்டுக்கு அழைத்துப் போவதுதான் முறை.

“பொண்ணு இங்கனதான் இருக்கா மாப்ள. எங்க வீட்ல இருந்து எங்க வீட்டுக்கு எப்பிடிக் கூட்டியாறது? ஊரே சிரிக்கும்.”

இதற்கு என் அக்கா வடிவு ஒரு தீர்வு கண்டுபிடித்தாள். செண்பா ஒரு நாளைக்கு மலைக்கு வருவாள். இங்கே எல்லோரும் வளையல் அடுக்குவார்கள். அன்று மாலையே அவளை முறைப்படி என்னிடமிருந்து அழைத்துப் போவார்கள். ஏற்கெனவே போனவளை மறுபடி வரவழைத்து, போகச் சொல்வதற்கு ஒரு வேன், ஏழு வகைச் சோறு, ஒரு போட்டோகிராபர். முதல் தடவை போனபோது நான் பேருந்து நிறுத்தம் வரை பையைத் தூக்கிப் போனேன். அது கணக்கில் சேராது.

அக்டோபர் 17

வீட்டைக் கூட்டினேன். கட்டிலுக்கு அடியில் அவள் ஹேர்பின் கிடந்தது. வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 26, ஞாயிறு

வந்தார்கள். வேனில் பதினைந்து பெண்கள். பண்ணைக் குடியிருப்புப் பெண்கள் வேறு. செண்பாவின் முகம் கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறது. நன்றாக இருக்கிறாயா என்றேன். இருக்கேன் என்றாள். அதற்குள் யாரோ அவளை நாற்காலியில் உட்காரவைத்தார்கள்.

வளைகாப்பில் கணவனுக்கு உள்ள வேலை ஒரு புகைப்படத்தில் நிற்பது. நின்றேன். பிறகு, “ஆம்பளைக்கு இங்க என்ன சோலி, போய்ட்டு சாப்பாட்டுக்கு வா” என்று அக்கா என்னை வெளியே அனுப்பினாள். 47க்கு நேரமாகியிருந்தது. கிடங்குக்குப் போனேன்.

நான் உள்ளே என்ன பேசிக்கொண்டிருந்தேன் என்பதை இங்கே எழுத அவசியமில்லை. இன்னும் இரண்டு பேருக்கே சமைத்துவிடுகிறேன் என்பது. போனை எடுத்து எடுத்து வைத்துவிடுகிறேன் என்பது. அவள் குரலில் வருத்தம் தெரிகிறதா என்று கவனிப்பதிலேயே நேரம் போய்விடுவதால் பேச்சு வருவதில்லை என்பது. கட்டுரைகளை எல்லாம் படித்த பிறகு அவள் வயிற்றைப் பார்க்கவே பயமாக இருக்கிறது என்பது. இன்ன பிற.

கதவுக்கு அந்தப் பக்கம் கண்ணாடி வளையல் சத்தம் கேட்டது.

“யார்கூட பேசிட்டு இருக்கீங்க?”

யாரும் இல்லை என்றேன். 47 எனக்குப் பக்கத்தில் படுத்திருந்தது.

செண்பா இரண்டு கையும் முழங்கை வரை வளையலாக, கன்னத்தில் சந்தனத்தோடு நின்றாள். கொஞ்ச நேரம் நடந்துவிட்டு வருகிறேன் என்று அங்கே சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். “ரொம்ப நேரமா வெளியதான் நிக்கேன். இம்புட்டுப் பேசுவீங்களா நீங்க?”

கூடையை அவளுக்குத் தள்ளிப் போட்டேன். மெதுவாக உட்கார்ந்தாள். ஆட்டைப் பார்த்தாள். ஆடு அவளைப் பார்த்தது. இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தார்கள்.

“ஒரு நாளு பனியில ஒண்ணுமே தெரியல,” என்றாள். “நீங்க காலையில போனவரு. சிலிண்டர்காரர் வந்தாரு. அவரப் போக விடாம ரெண்டு டீ போட்டுக் குடுத்தேன். எந்த ஊரு, எத்தன பிள்ளைகன்னு அவர்கிட்ட கேட்டுட்டே இருந்தேன். மூணாவது டீக்கு அவரே பயந்து போயிட்டாரு. அவரு போனப்புறம் உக்காந்து அழுதேன். அன்னைக்கு ராத்திரி நீங்க வந்தீங்க, சாப்ட்டீங்க, புக்க எடுத்தீங்க. மறுநாளே எங்கம்மாவுக்குப் போன் பண்ணிட்டேன்.”

எனக்கு இது தெரியாது. குளிர் என்று நினைத்தேன். குளிர் என்று எழுதியும் வைத்திருக்கிறேன்.

“தனியா வச்சா குட்டிக்கு என்ன ஆகும்?” என்று கேட்டாள். சொன்னேன். மிரளும் என்பது, நோய், தடுப்பூசி எல்லாவற்றையும் சொன்னேன். மாணவர்களுக்கு வகுப்பு எடுப்பதுபோல் சொல்லிவிட்டேன் என்று பாதியில்தான் உறைத்தது. அதற்குள் அவள் கை வயிற்றுக்குப் போய்விட்டது.

“அப்ப நம்ம புள்ளைக்கு?”

“ஆடும் மனுசியும் ஒண்ணு இல்ல, செண்பா.”

“பேசுறதுக்கு மட்டும் ஆடு வேணும்.”

பிறகு உண்மையைச் சொன்னேன். நம் குழந்தைக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. இந்த ஆடுகளுக்கு ஒன்றும் ஆகாது என்றுதான் தோன்றுகிறது. நான் தினமும் கூடவே உட்கார்ந்திருந்ததால் இவை தனியாகவே இருக்கவில்லை. ஆய்வு கெட்டுவிட்டது.

“உங்க சாருக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“சொல்லுவீங்களா?”

நான் 47இன் காதில் இருந்த எண்ணைச் சரிசெய்தேன். அவள் கொஞ்சம் காத்திருந்தாள். “நீங்க எதைச் சொல்லிருக்கீங்க,” என்று எழுந்தாள். கேள்வி மாதிரி இல்லை.

இராகு காலத்துக்கு முன்னால் வேன் கிளம்ப வேண்டும் என்று அத்தை தேடி வந்துவிட்டார். வளைகாப்பு முடிந்து போகிறவள் போய் வருகிறேன் என்று சொல்லக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். செண்பா வழக்கத்தை மிகச் சரியாகக் கடைப்பிடித்தாள்.

அக்டோபர் 27

இன்று கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து, மழையில் நின்றேன். 47 கத்தியது. கொஞ்ச நேரத்தில் உள்ளே போய்விட்டேன்.

நவம்பர் 14

ஈற்றுக்காலம் தொடங்கிவிட்டது. 47 இரட்டைக் குட்டி ஈன்றது. இரண்டும் தாமாகவே எழுந்து சீம்பால் குடித்தன. செண்பாவுக்குப் போன் செய்து சொன்னேன். “ரெட்டையா?” என்றாள். பிறகு இருவரும் சாப்பிட்டோமா என்பதை உறுதி செய்துகொண்டோம்.

டிசம்பர் 8

குட்டிகளின் சோதனை முடிந்தது. ஒவ்வொன்றையும் தாயிடமிருந்து சிறிது நேரம் பிரித்து, எவ்வளவு கத்துகிறது, புதுப் பொருளைக் கண்டால் எவ்வளவு மிரளுகிறது என்று பார்க்க வேண்டும். தனிமைக் குழுவின் குட்டிகள் நான் வைத்த சிவப்பு வாளியை நோக்கி நேராக நடந்தன. ஒன்று அதன்மேல் ஏறி நின்றது. துள்ளுமாரி நோய்க்கான தடுப்பூசிக்கும் அவற்றின் இரத்தம் நன்றாகவே பதில் சொல்லியிருக்கிறது.

எட்வின் சாரை இவ்வளவு மகிழ்ச்சியாக நான் பார்த்ததில்லை. குளிர்சாதனப் பெட்டி நிரபராதி என்று அறிவித்தார். இந்த மலை இனத்துக்குத் தனிமையைத் தாங்கும் தனித்திறன் இருக்கிறது, உலகத்தில் யாரும் கவனிக்காத விஷயம் என்றார். கட்டுரை எழுத வேண்டும். மாநாட்டுக்குப் போக வேண்டும். கோடைக்குள் எனக்குப் பட்டம். ஜூனில் கல்லூரியில் ஓர் உதவிப் பேராசிரியர் இடம் காலியாகிறது. அதற்கு என் பெயரைச் சொல்லப்போகிறார். “கொழந்தை வர்ற நேரம். நல்ல ராசி தம்பி” என்று முதுகில் தட்டினார். இதுவரை என்னை அவர் தம்பி என்று சொன்னதில்லை.

டிசம்பர் 9

யோசித்தால் சாரின் கருத்தில் தவறில்லை. இந்த இனத்துக்கு ஒரு தனித்திறன் இருக்கத்தான் செய்கிறது. யார் என்ன பேசினாலும் கேட்டுக்கொண்டிருக்கும்.

டிசம்பர் 10

கட்டுரையின் முதல் பக்கம் எழுதினேன். நன்றாக வந்திருக்கிறது. என் மொழிநடை பற்றி யாரும் குறை சொன்னதில்லை.

டிசம்பர் 11

இரண்டாம் பக்கத்தில், ஆய்வு எப்படி நடத்தப்பட்டது என்று எழுத வேண்டும். “ஆடு தனியாக விடப்பட்டது.” இந்த ஒரு வாக்கியத்துக்கு ஒரு நாள் போய்விட்டது.

டிசம்பர் 12

சாரிடம் சொல்லிவிட்டேன்.

நின்றுகொண்டே சொன்னேன். மழையில் தொடங்கி ராசிபலன் வரை எல்லாம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார்.

“எவ்வளவு நாளு?”

“எல்லா நாளும் சார்.”

“என்ன பேசுனீங்க அதுகிட்ட?”

“வீட்டு விஷயம் சார்.”

“குமரகுரு, ஆட்டுகூட குடும்பக் கதை பேசுறதுக்கு ஊக்கத்தொகை குடுக்கற திட்டம் எதுவும் நம்மகிட்ட இல்லையே” என்றார். தம்பி போய்விட்டது. அடுத்த ஈற்றுப் பருவத்தில் முழுவதும் மறுபடி செய்ய வேண்டும். கதவைச் சாத்துவதற்கு வேறு ஆள். நான் கிடங்குப் பக்கமே போகக் கூடாது. பட்டம் இன்னும் ஒரு வருடம் தள்ளிப்போகும். ஜூன் இடத்துக்கு வேறு யாரையாவது சொல்வார். இதையெல்லாம் அவர் கோபமே இல்லாமல் சொன்னது சிரமமாக இருந்தது.

நான் கதவு வரை போனதும் கூப்பிட்டார். “மூடி மறைச்சிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது. ஏன் சொன்னீங்க?”

வீட்டில் கேட்டார்கள் என்றேன்.

மாலையில் செண்பாவுக்குப் போன் செய்தேன். சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன். சார் கண்ணாடியைத் துடைத்தது, ஊக்கத்தொகை, ஜூன், எல்லாம். அவள் குறுக்கே பேசவில்லை. ஒரு இடத்தில் சிரித்தாள் என்று நினைக்கிறேன். இங்கே சிக்னல் சரியாகக் கிடைப்பதில்லை. “வேலை போச்சே” என்றாள் கடைசியில். ஆமாம் என்றேன். “சரி. வேறென்ன?” என்றாள்.

வேறென்ன என்று யோசித்து, ஒரு குட்டி வாளிமேல் ஏறி நின்றதைச் சொன்னேன்.

டிசம்பர் 19

தினமும் பேசுகிறேன். பேசுவதற்கு விஷயம் தேடுவது ஆய்வைவிடக் கடினம். இன்று பண்ணைக்கு வந்த புது ஜெனரேட்டரைப் பற்றி விரிவாகச் சொன்னேன். அவள் தூங்கிவிட்டாள்.

டிசம்பர் 27, சாத்தூர்

பெண் குழந்தை. நேற்று விடியற்காலையில் பிறந்திருக்கிறாள். மலையிலிருந்து இறங்கி, மூன்று பேருந்து மாறி நான் வந்து சேர்வதற்குள் ஒரு பகல் போய்விட்டது. எடை சரி. நிறம் பற்றி உறவினர்களிடையே இரண்டு கட்சிகள்.

இன்று மாலைப் பேருந்தில் திரும்ப வேண்டும். விடுப்புக் கேட்கும் நிலையில் நான் இல்லை.

காலையில் ஆஸ்பத்திரி அறைக்குப் போனபோது அத்தை குழந்தையின் துணியை மடித்துக்கொண்டிருந்தார். “கரண்டி கீழ விழுந்தாக்கூட புள்ளைக்குத் தூக்கிவாரிப் போடுது மாப்ள” என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். காப்பி வாங்கப் போய்விட்டார்.

நான் தொட்டிலுக்குப் பக்கத்தில் நின்றேன். வராந்தாவில் யாரோ வாளியை வைத்தார்கள். குழந்தை இரண்டு கையையும் விரித்து, காற்றைப் பிடிக்கப் பார்த்து, முகம் சுருங்கி அழுதாள். பிறந்த குழந்தை எல்லாமே அப்படித்தான் செய்யும், சில மாதங்களில் தானாகப் போய்விடும். இது எனக்குத் தெரியும். படித்திருக்கிறேன். ஆனால் ஒரு குழந்தையை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. இவளோடு ஒப்பிட்டுப் பார்க்க, பனிமூட்டம் இல்லாத ஊரில், பேசுகிற அப்பாவுக்குப் பிறந்த இன்னொரு இவள் வேண்டும். அப்படி ஒருத்தி கிடையாது. இவளுக்கு ஒவ்வொரு முறை சளி பிடிக்கும்போதும், கூட்டத்தைக் கண்டு இவள் பின்வாங்கும்போதும், நான் இப்படித்தான் நிற்கப்போகிறேன்.

“என்ன அப்படிப் பாக்கீங்க?” செண்பா கட்டிலில் சாய்ந்திருந்தாள்.

ஒன்றும் இல்லை என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதை விழுங்க வேண்டியிருந்தது.

“இவ இப்படித் திடுக்கிடுறது என்னாலதானோன்னு பயமா இருக்கு.”

“எல்லாப் பிள்ளையும் அப்படித்தானாம். நர்ஸம்மா சொன்னாங்க.”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா பயம்?”

“ஆமா.”

“எனக்குந்தான்,” என்றாள். “மூணு டீ போட்ட அன்னையில இருந்து.”

கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். உட்கார்ந்தேன். எதற்கெல்லாம் பயந்தாள் என்று சொன்னாள். நானும் சொன்னேன். சில பயங்கள் இரண்டு பேரிடமும் ஒன்றாக இருந்தன. சில எனக்குப் புதியவை. குழந்தை தூங்கிப்போனாள். அத்தை மறுபடியும் காப்பியோடு வந்தபோது அது எந்த நேரத்துக் காப்பி என்றே தெரியவில்லை.

“மாப்ள பஸ்ஸுக்கு நேரமாகலையா?” என்று அவர் மகளிடம் கேட்டார்.

நான் எழுந்திருப்பதற்குள் செண்பா சொல்லிவிட்டாள். “நாளைக்குப் போவாரும்மா. பேசிக்கிட்டு இருக்கோம்.”